கரை திரும்பாதோரின் பக்கமும் பிலோமினா அக்காவும்

முத்தையாபுரம் நிறுத்தத்தில் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தபோது பிலோமினா அக்காவின் தம்பி அந்தோணி அழைத்தார். "அக்கா போயிட்டா" என்றார். பேருந்து வந்தது, போனது. நான் செய்த முதல் காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கைபேசியை எடுத்து இணையத்தில் அக்காவின் பெயரைத் தேடினேன். அவருடைய வலைப்பதிவு வந்தது. தொட்டதும் ரம்மி விளம்பரம் திறந்தது.

அந்த வலைப்பதிவை வாசித்த உங்களில் பலர் அவரை நேரில் பார்த்ததில்லை. துறைமுகச் சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் அவரும் நானும் பதினெட்டு ஆண்டுகள் அடுத்தடுத்த மேசையில் கப்பல் காகிதங்கள் பார்த்தவர்கள். கடலுக்குப் போய்க் கரை திரும்பாதவர்களின் பெயர், ஊர், படகு, கடைசியாகப் பார்த்தவர் சொன்னது ஆகியவற்றை அவர் வலைப்பதிவில் எழுதி வைத்தார். கீழே பின்னூட்டங்களில் நீங்கள் எழுதினீர்கள். முதல் பதிவு அவருடைய கணவரைப் பற்றியது. "அவருக்குக் கல்லற கெடையாதுளா செல்வி. பேராவது ஒரு எடத்துல நிக்கணும்லா" என்றார்.

அந்தப் பெயர் முதலில் நின்ற இடம் நிலைக்கவில்லை. எல்லோரும் இலவசத் தளங்களில் வலைப்பதிவு எழுதிய காலம் அது. ஒருநாள் அந்த நிறுவனம் கடையை மூடியது. முன்னறிவிப்பு, அக்கா எப்போதோ பார்ப்பதை விட்டுவிட்ட ஒரு மின்னஞ்சலுக்குப் போயிருந்தது. எல்லாம் போயிற்று. அக்கா ஒவ்வொரு வீட்டுக்கும் மறுபடி போன் போட்டு, அழுகையை மறுபடி கேட்டு, மறுபடி எழுதினார். "இனி அடுத்தவன் எடத்துல எழுத மாட்டேன்" என்று சர்வர் வாடகைக்கு எடுத்தார். இலவசமாகக் கிடைக்கும் வலைப்பதிவு மென்பொருளைத் தாமே நிறுவினார். தெரியாததை இணையக் குழுக்களில் கேட்டுக் கேட்டுக் கற்றார். பிழை திருத்துவது மட்டும் என் வேலை.

சனிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் முதலில் காப்பு நகல் எடுப்பார், பிறகு அப்டேட் போடுவார். "நல்லா ஓடுறத ஏன்க்கா நோண்டுதீய?" என்று ஒருமுறை சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "மென்பொருள் செஞ்சவன், இன்ன எடத்துல ஓட்ட இருக்குன்னு ஊருக்கே சொல்லிட்டுத்தான்ளா அடைக்க வழி தாரான். நாம அடைக்கதுக்குள்ள களவாணிப்பய வாசிச்சிருவான்லா."

நோய் வந்து திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, "சனிக்கிழம மட்டும் பாத்துக்கிடுளா" என்று அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். இரண்டு வாரம் செய்தேன். மூன்றாவது வாரம் பின்னூட்டப் பெட்டியை இயக்கும் பிளகின் என்ற துணை மென்பொருளைப் புதுப்பிக்கும்போது சிவப்பு எழுத்தில் ஏதோ எச்சரிக்கை வந்தது. தொட்டுக் கெடுத்துவிடுவேனோ என்று பயந்து கணினியை மூடினேன். அடுத்த வாரமும் திறக்கவில்லை. அக்கா கேட்டபோது, போட்டுவிட்டேன் என்றேன்.

திரேஸ்புரத்திலிருந்து சூசையம்மாள்தான் முதலில் அவரை அழைத்தார். "ஏம்மா பிலோமினா, எம் மவன் பேரத் தேடுனா சீட்டு வெளையாட்டு வருது. அவன் சீட்டையே தொட்டதில்லம்மா." அக்கா பார்த்தபோது பக்கம் ஒழுங்காகவே இருந்தது. முகவரியை நேராகத் தட்டினால் ஒன்றும் தெரியாது, இணையத்தில் தேடி வருபவர்களை மட்டும் விளம்பரத்துக்கு இழுத்துப் போகும்படி யாரோ உள்ளே புகுந்து செய்திருந்தார்கள். அது புரிய அவருக்கு ஒரு நாள் ஆயிற்று. நான் கட்டில் அருகே நின்று, அந்தப் பிளகினைப் புதுப்பிக்காமல் விட்ட உண்மையைச் சொன்னேன். "நீ பயந்தது தப்பில்ல" என்றார். கொஞ்சம் கழித்து, "எங்கிட்டச் சொல்லிருக்கணும்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

ஊசி ஏறாத கையால் மடிக்கணினியில் அழித்துப் பார்த்தார். இரண்டு நாளில் திரும்ப வந்தது. படங்களுக்கு நடுவே படம்போல் பெயர் வைத்த ஒரு களவாணிக் கோப்பு கிடந்தது. யாரென்றே தெரியாத ஒருவன் நிர்வாகியாகச் சேர்ந்திருந்தான். சர்வரிலேயே வைத்திருந்த காப்பு நகல்களிலும் அதே கோப்பு புகுந்திருந்தது. "நான் வெளிய நின்னு பூட்டுதேன். அவன் உள்ளல்லா இருக்கான்" என்று மடிக்கணினியை மூடிவிட்டுப் படுத்தார். மறுநாள், எல்லாவற்றையும் புதிதாகவே நிறுவலாம், பதிவுகளை மட்டும் ஒவ்வொன்றாகப் படித்துப் படித்து எடுத்து வைப்போம் என்றார். அகர வரிசையில் தொடங்கினோம். 'ச' முடிந்தது. பிறகு அவரால் உட்கார முடியவில்லை.

பாஸ்வேர்ட் என்னிடம் இருக்கிறது. ஆனால் உள்ளே போக அவருடைய கைபேசிக்கு வரும் எண்ணும் வேண்டும். பாதுகாப்புக்காக அவரே வைத்த ஏற்பாடு; இருந்தவரை நான் கேட்டால் அதைச் சொல்லுவார். அந்தக் கைபேசியைத் திறக்க வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. சர்வர் நிறுவனத்துக்கு அந்தோணி இறப்புச் சான்றிதழ் அனுப்பினார். ஒவ்வொரு முறையும் இயந்திரம் எழுதிய ஒரே பதில்தான் வருகிறது. இப்போது முகவரியை நேராகத் தட்டினாலும் ரம்மிதான் திறக்கிறது. என்னை அழைத்துச் சிலர் திட்டினார்கள், சிலர் அழுதார்கள்.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது 'ச' வரையான ஒரு கோப்பும் ஒரு கேள்வியும். ரேஷன் அட்டைப் பெயரை மட்டும் எழுதி அவர் நிறுத்தியதே இல்லை. "வீட்டுல என்னன்னு கூப்பிடுவீங்க?" என்று கேட்டு அதையும் எழுதுவார். போன வாரம் 'த' வரிசையில் முதல் வீட்டுக்குப் போன் செய்து நானும் அப்படியே கேட்டேன். "தொம்மைன்னு கூப்பிடுவோம்" என்றார் அந்த மனைவி. "நீங்க யாரு? பிலோமினாக்கா எங்க?" சொன்னேன். பிறகு கேட்டார்: "அக்காவ வீட்டுல என்னன்னு கூப்பிடுவாவ?"

எனக்குத் தெரியவில்லை.