சேர்வர் ரேம் விற்றவள்

சேர்வர் ரேமையும் சாதாரண ரேமையும் ஒரே போர்டில் போடக் கூடாது என்பது எனக்குத் தெரியாமல் இருந்ததால்தான் அவளைத் தெரிய வந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று சொல்ல இன்றைக்கும் வாய் வரவில்லை.

களுவாஞ்சிக்குடியில் ஒரு கட்டடச் சாமான் கடையில் பில் போடுகிறேன். அந்தச் சம்பளத்தில் கேம் விளையாடப் புதுக் கம்பியூட்டர் வாங்குவதென்பது நடக்கிற காரியம் இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கென்று ஒரு குறுக்கு வழி இருக்கிறது. வெளிநாட்டுக் கம்பனிகள் கழற்றிப் போட்ட பழைய சேர்வர் ப்ரொசஸர் மலிவாகக் கிடைக்கும். அதற்கென்றே சீனாவில் செய்கிற மதர்போர்டும் மலிவு. பாவித்த கிராபிக்ஸ் கார்ட் ஒன்றும் அகப்பட்டால், வசதியான வீட்டுப் பிள்ளைகள் விளையாடுவதை நாங்களும் விளையாடலாம். நான் அப்படித்தான் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன்.

என்னிடம் பழைய மெஷின் ஒன்றில் கழற்றிய ரேம், அதாவது நினைவகப் பட்டை, இரண்டு இருந்தன. பழைய பாகங்கள் விற்கும் இணையக் குழுவில் சேர்வர் ரேம் இரண்டு விலைக்கு வந்தது. விற்றவர் பக்கத்து ஊர், தேற்றாத்தீவு. பஸ் கண்டக்டரிடம் பார்சலாகக் கொடுத்துவிட, நான் சந்தியில் நின்று வாங்கினேன். நாலையும் போட்டு சுவிட்சை அழுத்தினால் காற்றாடி சுற்றுகிறது, திரை கறுப்பாகவே கிடக்கிறது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். செத்த ரேமை என் தலையில் கட்டிவிட்டீர் என்று காரமாக எழுதி அனுப்பினேன். உடனே போன் அடித்தது. எடுத்தால் பெண் குரல்.

"ரேம் நல்ல ரேம். நீங்க வேற என்ன போட்டிரிக்கிறீங்க?"

"ஏற்கெனவே ரெண்டு இரிக்கி. அதோட சேர்த்துத்தான் போட்டன்."

"எல்லாத்தையும் கழட்டி, ஸ்டிக்கரில இரிக்கிறத வாசிங்க பாப்பம்."

வாசித்தேன். அவளுடையதில் கடைசியில் ஆர் என்ற எழுத்து, என்னுடையதில் யூ. "அதுதான் சங்கதி," என்றாள். "ஆர் எண்டா சேர்வர் ரேம். யூ எண்டா வீட்டு மெஷின்ட ரேம். உங்கட போர்ட் ரெண்டையும் எடுக்கும், ஆனா ஒண்டாப் போட்டா எழும்பாது. என்ட ரெண்டையும் மட்டும் போட்டுப் பாருங்க. மறுகா ஏசுங்க."

எழும்பியது. ஏசுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆனால் அந்தப் ப்ரொசஸருக்கு நாலு ரேம் இருந்தால்தான் முழு வேகம். மற்ற இரண்டையும் தேடும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். நான் படம் எடுத்து அனுப்ப அனுப்ப, வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தாள். ஒன்று வேகம் குறைவு. இன்னொன்றில் எல் எழுத்து, அது சேர்வர் ரேமிலேயே வேறு வகை, அதையும் ஆரோடு கலக்க முடியாது. மற்றொன்றின் பொன்முனைகளில் வாவிக் காற்றின் உப்புப் பூத்திருந்தது. அழிறப்பரால் தேய்த்தால் போகும் என்றேன். "தேய்ச்சுக் குடுக்கிறவன் விக்கிறவன். நீங்க ஏன் தேய்க்கணும்?" என்று கேட்டாள். எனக்கு ரேம் கிடைக்காமல் இழுபடுவதே பிடித்துப்போயிற்று. அதற்குள் ரேம் அல்லாத கதைகளும் வந்துவிட்டன. அவள் வீட்டிலிருந்தே கலியாண அல்பம் வடிவமைக்கிறவள், அதற்காகத்தான் அவளும் இதே மாதிரி மெஷின் கட்டியிருந்தாள்.

கடைசியில் தன் மெஷினிலிருந்தே இரண்டைக் கழற்றிக்கொண்டு சந்தைப் பக்கம் வந்து தந்தாள். பிஸ்கட் சுற்றி வந்த வெள்ளித்தாளில் பொதிந்திருந்தாள். "ஒரே கம்பனி, ஒரே வேகம். இனி ஒரு பிரச்சினையும் வராது," என்றாள். "உங்களுக்கு?" என்று கேட்டேன். "அல்பம் கொஞ்சம் மெதுவா வரும். மாப்பிள்ளை பொம்பிளை காத்திருப்பாங்க," என்று சிரித்தாள். எனக்கு அவளை விருப்பம் என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. அவளுக்கும் அப்படித்தான் இருந்ததாம், பிறகு சொன்னாள்.

கடை பூட்டி நான் வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேரும் இணையத்தில் ஒரே கேமில் இறங்குவோம். நான் எப்போதும் முன்னுக்கு ஓடிச் சாவேன். "எனக்குப் பின்னால நில்லுங்க எண்டு எத்தின தரம் சொல்றது," என்று ஏசுவாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.

எங்கள் பக்கத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மட்டக்களப்பில் எல்லோருக்கும் ஒரு குடி, குலம் மாதிரி, உண்டு. அது தாய்வழி வருவது. தாயின் குடிதான் பிள்ளையின் குடி. ஒரே குடியில் ஒரே வயசுக்காரர் அண்ணன் தங்கச்சி. முன்பின் பார்த்திராதவராக இருந்தாலும் அப்படித்தான். கலியாணம் என்ற பேச்சே கிடையாது. இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அவர்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு என்னை வரச் சொன்னாள். ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடிக்கு. அவளுடைய அப்பா வேட்டியும் சால்வையுமாக முன்னுக்கு நின்றார். தூரத்தில் நின்ற எனக்கு அவள் போனில், "இண்டைக்கு நம்மட திருவிழா," என்றாள். அந்தக் குடி எங்கள் குடி இல்லை. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அத்தோடு அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

இரண்டு பேரும் வீட்டில் சொன்னோம். வழமைப்படி பெண் வீட்டார் மாப்பிள்ளை கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வாழைக்குலை, பலகாரம், வெற்றிலைத் தட்டு எல்லாம் வந்தது. அம்மா தேத்தண்ணி கொடுத்துவிட்டு, சும்மா கதைக்கு, அவளுடைய அம்மாவிடம் கேட்டா.

"நீங்க இந்தப் பக்கமே?"

"இல்லகா, நான் மாங்கேணி. கடல் வந்து எங்கட வீட்ட அள்ளிற்றுப் போக, இவர்ட ஆக்களோட இஞ்சால வந்து இருந்திற்றம்."

"அப்ப என்ன குடி நீங்க?"

அவ சொன்னா. எங்கள் குடி.

அம்மா அவவையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு, "அப்ப நீங்க எனக்குத் தங்கச்சியெல்லோ," என்றா. திருவிழா அன்று அவள் 'நம்மட' என்றது அப்பாவின் குடியை. சின்னதிலிருந்து அப்பாவின் ஆட்களோடு வளர்ந்தவள், அந்தத் திருவிழாவைத் தன்னுடையதாகவே நினைத்திருக்கிறாள். ரேமில் ஒரு எழுத்துக்காக எத்தனை படத்தைத் தள்ளினோம், இதை மட்டும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. ரேம் எழும்பாததற்குக் காரணம் இருக்கிறது. எங்களுக்கு என்ன காரணம்? இந்த முறையை வகுத்தவர் கையில் கிடைத்தால் கேட்பேன்.

சண்டை வந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒருவரும் சத்தம் போடவில்லை. வந்தவர்களை இருத்தி, சோறு போட்டு, யார் யாருக்கு என்ன முறை என்று சொந்தம் கொண்டாடினார்கள். என் அம்மாவுக்குப் புதிதாக ஒரு தங்கச்சி கிடைத்துவிட்டா. எனக்குச் சின்னம்மா.

அவளிடம் போனில் கேட்டேன், எங்காவது போய்க் கலியாணத்தை எழுதிக்கொள்வோமா என்று. வெகு நேரம் அழுதாள். "அம்மா சாப்பிடுறா இல்ல. என்னால ஏலாது. உங்களால ஏலுமா?" என்றாள். என் அம்மாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. என்னாலும் ஏலாது. "உன்ட ரேம் ரெண்டையும் அனுப்பட்டா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை. "வேணாம். நல்லா ஓடுற மெஷின ஏன் குழப்புறீங்க," என்றாள். நான் குழப்பவில்லை. அது இன்றைக்கும் நன்றாகத்தான் ஓடுகிறது. விளையாடத்தான் பிடிக்கவில்லை.

சின்னம்மா எங்கள் வீட்டுக்கு வந்து போவதை நிறுத்தவில்லை. அடுத்த ஆவணியில் அவளுக்கு வேறிடத்தில் கலியாணம் முற்றானது. சொல்ல வந்த சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டா. "மனே, அவளுக்குக் கூடப்பிறந்த ஆம்பிளப் பிள்ளை இல்ல. தோழனா நீதான் நிக்கணும்," என்றா. பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைக்க வேண்டும். அம்மா அடுப்படியில் நின்று என்னைப் பார்த்தா. நான் ஓம் என்றேன்.

பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் குந்தியிருந்து செம்புத் தண்ணீரால் அவர் காலைக் கழுவினேன். வெள்ளைத் துண்டால் துடைத்தேன். நல்ல மனிசன், கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டே நின்றார். என் விரலில் மோதிரம் போட்டு, "நன்றி மச்சான்," என்றார். தாலி ஏறியபின் வாழ்த்தி அறுகரிசி போட வரிசையில் போனேன். அவள் தலையில் போட்டேன். நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"அண்ணா, சாப்பிடாமப் போயிராதீங்க."

பந்தியில் இருந்தேன். சோறு போட்டார்கள். முழுவதையும் சாப்பிட்டேன்.