பிரம்பை முறித்த அக்கா

ஐம்பதுகளின் கடைசியில், கிளிநொச்சிக் குடியேற்றத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காணியில் இருந்தவர் அந்த அக்கா. நெடிய, மெலிந்த உருவம். பின்னேரங்களில் வாய்க்கால் கட்டின் மேல் ஏறி நின்று, காட்டைப் பார்த்து உரக்கத் திட்டுவார்.

என் முதற்பிள்ளை இறந்து பிறந்தபின் நான் உண்ணாமல், பேசாமல் கிடந்தேன். பேய் பிடித்துவிட்டதென்று மாமி ஒரு பூசாரியை அழைப்பித்தார். அவன் என்னைப் பிரம்பால் அடித்தான். அலறல் கேட்டு ஓடிவந்த அக்கா பிரம்பைப் பறித்து முறித்தார்.

"பிள்ளையைப் பறிகுடுத்தவளுக்கு அடியோ? ஒரு நாளாவது பக்கத்தில இருந்து கதைச்சனீங்களோ?"

அன்று பின்னேரம் என்னையும் வாய்க்கால் கட்டுக்குக் கூட்டிப்போனார். "கத்து பிள்ளை. உள்ளுக்க வைச்சிருக்காதை."

கத்தினேன். அதன்பிறகுதான் அழுகை வந்தது. "உங்களுக்கும் அடிச்சவையோ அக்கா?" என்று கேட்டேன்.

"ஓம். மறிக்க ஒருத்தரும் வரேல்லை."

அடித்தவனுக்கு வெற்றிலை வைத்துக் கும்பிட்ட ஊர், அக்காவை விசரி, பைத்தியம் என்றது. நினைக்க இன்றும் நெஞ்சு எரிகிறது.