செடிகளுக்குக் கட்டிய வேட்டி

என் மகள் மொட்டைமாடியில் சோயா வளர்த்தது, தரமணியில் அவள் படிக்கும் படிப்பின் கடைசி வருட ஆய்வுக்காக. ஒரே விதை, ஒரே மண், ஒரே அளவுத் தொட்டி. பன்னிரண்டு தொட்டிகள் மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பின் மாடியில். பன்னிரண்டு அடையாறில், அவளோடு படிக்கும் பெண்ணின் வீட்டுத் தோட்டத்தில். இருவருக்கும் சேர்த்து ஒரே ஆய்வு. வளரும் இடம் மாறினால் விளைச்சலும் விதைக்குள் இருக்கும் எண்ணெயும் எப்படி மாறுகின்றன என்று பார்க்க வேண்டும்.

அந்தப் பெண்ணின் அம்மா என் பள்ளித் தோழி. கணக்கில் எப்போதும் எனக்குப் பின்னால்தான் வருவாள். இப்போது அவளுக்குத் தனி வீடு, மத்தியானம் முழுக்க நிழல் போடும் தூங்குமூஞ்சி மரம். எனக்கு இரண்டாம் மாடியில் இரண்டு அறை. இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். விட்டுவிட்டால் நான் செய்தது யாருக்கும் விளங்காது.

பங்குனியில் காய் பிடித்ததும் தோழி தினமும் படம் அனுப்ப ஆரம்பித்தாள். கரும்பச்சை இலை, கொத்துக் கொத்தாகக் காய். கீழே, 'உங்காத்துல எப்படி?' எங்கள் மாடியில் பதினோரு மணிக்கே இலைகள் தொங்கிவிடும். நான் காலை ஆறு மணிக்கே தண்ணீர் தெளித்துப் படம் எடுத்து அனுப்புவேன்.

"வாடினா வாடட்டும்மா," என்றாள் மகள், சாப்பிடும்போது. "விதைக்குள்ள எண்ணெய் சேர்ற நாள்ல எவ்வளவு சூடோ, அதுக்கேத்த மாதிரி எண்ணெயே மாறும். காய் குறையும், விதை சின்னதாகும். ஆனா எண்ணெயைச் சீக்கிரம் காற வைக்கற அமிலம் குறைஞ்சு, எண்ணெயைக் கெடாம வைக்கற ஒலீயிக் அமிலம் கூடும். அது நடக்கறதான்னுதான் பார்க்கறோம்."

தலையை ஆட்டினேன். என் காதில் விழுந்தது 'காய் குறையும்' மட்டும்தான்.

மறுநாள் அவள் கிளம்பியதும், வடாம் பிழிய விரிக்கிற பழைய வேட்டியை நனைத்து, துணி காயப்போடும் கொடியில் செடிகளுக்கு மேலே பந்தல் மாதிரி கட்டினேன். பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை. எட்டுத் தொட்டிகளுக்குத்தான் எட்டியது. சுவரோரம் இருந்த நான்கும் வெயிலிலேயே நின்றன. மகள் வருவதற்குள் அவிழ்த்து மடித்துவிடுவேன். படி துடைக்க வரும் பெண்மணி ஒருநாள் பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா, செடிக்கு வேட்டி கட்டி வுட்டுகீற? எப்போ கல்யாணம்?"

"என் பொண்ணுகிட்ட சொல்லிடாதே."

"நான் இன்னாத்துக்குச் சொல்லப் போறேன்? மாப்பிள்ளை வாடாம இருந்தா சரி."

சில நாளில் இலைகள் நிமிர்ந்தன. தண்ணீர் தெளிக்காமல் நடுப்பகலில் எடுத்த படத்தை அனுப்பினேன். தோழி 'அட' என்று மட்டும் பதில் போட்டாள். அந்த ஒரு சொல்லை அன்றைக்கு எத்தனை முறை எடுத்துப் பார்த்தேனோ.

மூன்றாவது வாரச் சனிக்கிழமை, செடிகளுக்கு நடுவே குச்சியில் கட்டியிருந்த வெப்பமானியைக் கழற்றி மகள் மடிக்கணினியில் பொருத்தினாள். அது நாள் முழுக்கச் சூட்டைத் தானே பதிந்துகொண்டிருக்கும் என்பது எனக்குத் தெரியாது.

"அம்மா, இங்க வாயேன். பன்னிரண்டு மணி ஆனா நம்ம மாடிக்கு மட்டும் மேகம் வருது. மூணு மணிக்குப் போயிடறது. சனி, ஞாயிறு அந்த மேகத்துக்கு லீவு."

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நான் மடித்து வைத்திருந்த வேட்டியை எடுத்து வந்து நீட்டியதும் அவள் முகம் மாறியது. இன்னொரு முறை விதைத்து அறுக்க நாள் இல்லை. இந்தச் செடிகள் செல்லாது என்றால் இரண்டு பெண்களின் படிப்பும் ஒரு வருஷம் தள்ளிப்போகும்.

"எந்தெந்தத் தொட்டி?" என்றாள்.

காட்டினேன். சுவரோரத்து நான்கிலும் சிவப்பு நூல் கட்டினாள். "நீயே வந்து சொல்லணும்மா. என்னால முடியாது."

திங்கட்கிழமை, அவர்களுடைய பேராசிரியை முன்னால் உட்கார்ந்தேன். இரண்டு பெண்களும் பக்கத்தில் நின்றார்கள்.

"வெயிலுக்கு அந்த நாலு இருக்கு. குறைச்சல்தான், சமாளிக்கலாம்," என்றார். "வெப்பமானி காட்டறதும் நீங்க சொல்றதும் ஒத்துப்போனா, அந்த எட்டையும் நிழல் கட்டின செடின்னு தனியா வச்சுக்கலாம். குத்துமதிப்பா சொல்லாதீங்க."

நாள் நாளாக எழுதிக் கொடுத்தேன். அவர் வரைபடத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இந்த ரெண்டு நாள் மட்டும் பதினொரு மணிக்கே கட்டியிருக்கீங்களே, ஏன்? வெயில் ஜாஸ்தியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"அன்னிக்கு அடையாறுலேர்ந்து வந்த படம் ரொம்ப நன்னா இருந்தது," என்றேன்.

தோழியின் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். என் மகள் ஜன்னலைப் பார்த்தாள். பேராசிரியை என் தாளில் கையெழுத்துப் போட்டு ஆய்வேட்டோடு சேர்த்துக்கொண்டார். இரண்டு பேரும் தேறிவிட்டார்கள்.

சுவரோரத்து நான்கு தொட்டிகளில் தேறிய விதை ஒரு கைப்பிடி. அதிலிருந்த எண்ணெய் மகள் சொன்னபடியே மாறியிருந்தது. ஆய்வகத்தில் அடையாற்று விதையையும் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். உருண்டையாக, கனமாக இருந்தது. அந்தக் கனம் பார்த்து எரிந்த வயிறு எனக்கு இன்னும் ஆறவில்லை.