பின்னால் துடுப்புப் போட்டவன்

நம்பினால் நம்புங்கள். கதை விடுகிறவன் கொஞ்சம் அழகாகவாவது விடுவான். இதில் அழகு எதுவும் இல்லை, நடந்தது மட்டும்தான் இருக்கிறது. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க மற்றவர்களின் கண்ணைப் பரிசோதிப்பது என் வேலை. கண்ணால் பார்க்காத எதையும் நான் நம்பியதில்லை. அன்று நான் எதையுமே பார்க்கவில்லை என்பதுதான் கொடுமை.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு நகரக் கால்வாயில் துடுப்புப் படகு விடுவதாகத் திட்டம். மனைவி வீட்டுப் பக்கம் சின்னதும் பெரியதுமாகப் பத்துப் பேர். சமையலறை மேஜையில் வாரம் முழுக்க இதே பஞ்சாயத்துதான். எந்தப் படித்துறையில் ஏறுவது, எங்கே இறங்குவது, தொப்பைப் பெரியப்பாவோடு ஒரே படகில் உட்கார எந்தப் பாவி சம்மதிப்பான்... எல்லாவற்றுக்கும் ஒரு வழி பிறந்துவிட்டது. சுரங்கம் மட்டும் பாக்கி. சரக்கு ரயில் தண்டவாளங்களுக்கு அடியில், நீளமான ஒரு சுரங்கத்துக்குள் கால்வாய் நுழைந்து வெளியே வருகிறது.

"பிள்ளைங்களை அந்த இருட்டுக்குள்ள விட மாட்டேன்," என்றாள் மனைவி.

"நானும் அத்தானும் ஒருநாள் முன்னாடியே போய்ப் பாத்துட்டு வந்துடறோம்க்கா," என்றான் என் மச்சினன்.

வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பேர். தூக்கத்திலும் பேசுவான். அம்மா போன பிறகு அவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, படிக்க வைத்தது எல்லாம் என் மனைவிதான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவன்தான் அவளுக்குப் பிள்ளை. கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

"அவனை நம்பி அனுப்பல. உங்களை நம்பித்தான் அனுப்பறேன். பத்திரமா கூட்டிட்டு வாங்க."

சனிக்கிழமை மாலை. வெயில் இன்னும் இருந்தது. படகுக்காரர் எங்களை இரண்டு பேர் உட்காரும் படகில் ஏற்றினார். நான் முன்னால். ரேடியோ பின்னால்.

"முன்னாடி இருக்கிறவர் போடற வேகத்துக்குப் பின்னாடி இருக்கிறவர் துடுப்புப் போடணும். சார், நீங்க மட்டும் உடம்பைத் திருப்பாதீங்க. படகு கவிழ்ந்துடும்."

கரை மறைந்ததும் ரேடியோ லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி, மடித்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். "நெஞ்சளவு தண்ணிக்கு இது எதுக்கு அத்தான்? இங்க மூழ்கணும்னா நாமதான் குனியணும்."

சிரித்தேன். சிரிக்காமல் அவனோடு இருக்க முடியாது. பட்டறைகளின் பின்சுவர், சலவைக்கடைக் குழாயிலிருந்து வழியும் நுரை, பால்கனியில் காயும் துணி என்று எல்லாவற்றுக்கும் ஒரு கிண்டல் வைத்திருந்தான். துடுப்பில்தான் சொதப்பல். நான் போட்டால் அவன் போட மாட்டான். அவன் போடும்போது என் துடுப்பில் வந்து இடிப்பான். என் கழுத்தெல்லாம் தண்ணீர்.

சுரங்கத்துக்குள் நுழைந்தோம்.

பத்து இழுப்பு போயிருக்கும். படகு பின்பக்கம் ஒரு குலுக்கு குலுங்கியது. முன்பக்கம் சட்டென்று மேலே எழும்பியது. அடுத்த நொடி பழையபடி கீழே இறங்கிச் சமமானது.

"என்னடா?"

"டேய்..."

"ஒண்ணுமில்ல."

அவன் குரல்தான். ஆனால் இரண்டு வார்த்தையோடு நின்றுவிட்டது. பயந்துவிட்டான் போல என்று நினைத்துக்கொண்டேன். துடுப்புப் போட்டேன். பின்னாலும் துடுப்பு விழுந்தது.

சளப்... சளப்...

என்னோடு சரியாக. ஒரே நேரத்தில். ஒரு முறைகூட இடிக்கவில்லை. என்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை.

"பரவாயில்லையே, தேறிட்டியே," என்றேன்.

பதிலுக்குத் துடுப்பு மட்டும் விழுந்தது.

அப்போதுதான் அது கேட்டது. பின்னால், தூரத்திலிருந்து.

"அத்தான்...!"

கை நின்றுவிட்டது. "யாரோ கூப்பிடறாங்கடா."

"எதிரொலி."

"இல்லடா, அது..."

"எதிரொலி. போ."

போ! இத்தனை வருஷத்தில் ரேடியோ என்னை 'போங்க' என்றுதான் சொல்லியிருக்கிறான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். திரும்ப முயன்றேன். படகு ஒருபக்கம் சாய்ந்தது. பயந்துபோய் நேராக உட்கார்ந்துகொண்டேன்.

சளப்... சளப்...

"அத்தான்..."

இப்போது பக்கத்தில். படகு கனத்தது. எவ்வளவு இழுத்தும் நகரவில்லை.

டொக்.

"என்ன சத்தம்?"

"கல்லு."

டொக். டொக்.

"அத்..."

டொக்.

படகு லேசானது. வேகமெடுத்தது.

எதிரே வெளிச்சம் தெரிந்தது. என் முதுகுக்கு மிக அருகில், காதுக்குப் பின்னால், அந்தக் குரல் நிதானமாகச் சொன்னது.

"அக்காகிட்ட சொல்லு. நான் பயப்படவே இல்ல."

வெளியே வந்தோம்.

வந்தேன்.

கரைச் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். பின் இருக்கையில் மடித்த லைஃப் ஜாக்கெட் இருந்தது. துடுப்பு இருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

தீயணைப்பு வண்டி வந்தது. மனைவியும் வந்துவிட்டாள். கரையில் என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "என்ன சொன்னான்? கடைசியா என்னதான் சொன்னான்?" எனக்குப் புத்தி பேதலித்திருந்தது. காதில் கடைசியாக விழுந்ததைச் சொல்லிவிட்டேன். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அவன் உடலைச் சுரங்கத்தின் நடுவில் கண்டெடுத்தார்கள். "அங்க தண்ணி நெஞ்சு வரைக்கும்தான் சார். நின்னிருந்தாலே போதும்," என்றார் தீயணைப்புக்காரர். அவருக்கும் புரியவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். அவனுடைய இரண்டு கையிலும் விரல் எலும்புகள் உடைந்திருக்கின்றன என்றார். எதையோ பிடித்துக்கொண்டிருந்த கை. மேலிருந்து பலகை மாதிரி ஏதோ ஒன்றால் அடித்த அடி. ஒரு தடவை இல்லை.

எதிரொலி என்றால் முதலில் ஒருவர் கூப்பிட்டிருக்க வேண்டும். அந்தச் சுரங்கத்தில் நான் யாரை அத்தான் என்று கூப்பிட்டேன்? இது எனக்கு உறைத்தது டாக்டரின் அறையில்தான்.

மனைவி கூடத்தில் அவன் படத்தை மாட்டியிருக்கிறாள். கீழே அவள் கையெழுத்தில் அந்த வரி: 'நான் பயப்படவே இல்ல.' வருகிறவர்களெல்லாம் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அவள் அழுவதை நிறுத்தியதே அந்த ஒரு வரியால்தான். நான் தினமும் அதற்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

அது அவன் சொன்னது இல்லை என்று ஒருநாள் சொல்லிவிடலாம். சொன்னால் அவள் உடனே கேட்பாள்... அப்படியானால் அவன் என்ன சொன்னான் என்று.