ஏகமனதாக ஒரு தலையசைப்பு

குழு நடைமுறை விதி பதினொன்று, உட்பிரிவு மூன்று: கேட்பதிலோ பார்ப்பதிலோ நடமாடுவதிலோ சிரமம் உள்ள உறுப்பினர் எழுத்துமூலம் உதவி கோரினால், பதினைந்து வேலை நாட்களுக்குள் அவருக்குப் பதில் தரப்பட வேண்டும். இதை எழுதியவன் நான்தான். ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்தவன். எழுதியபோது அது வேறு யாருக்கோ ஆன விதி என்று நினைத்திருந்தேன்.

ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகு, புதுப்பட்டினத்தில் கடலோரமாக ஒரு அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் பன்மைக்கும் சமவாய்ப்புக்கும் என்று ஒரு குழு அமைத்தபோது வெளி உறுப்பினராக என்னைப் போட்டார்கள். இந்து, மூத்த குடிமகன். படிவத்தில் இரண்டு கட்டங்கள் ஒரே ஆளில் நிரம்பிவிட்டன. மாதத்தின் முதல் வெள்ளி, காலைத் திருப்பலி முடிந்ததும் கூட்டம். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு பஸ் பிடித்துப் போவேன். மேசைமேல் என் பெயர் எழுதிய அட்டை இருக்கும். அந்த நாற்காலியைத் தவிர மாதத்தில் வேறு எந்த இடத்திலும் என்னை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

காது மூன்று வருஷமாகவே சரியில்லை. யாரிடமும் சொல்லவில்லை. காதுக்கருவி இருக்கிறது, போட்டால் மின்விசிறிதான் தெளிவாகக் கேட்கிறது. குழுத் தலைவரான ஃபாதருக்கு உதட்டை மறைக்கும் அடர்ந்த தாடி. பேச்சைத் தாடிக்குள்ளேயே முடித்துவிடுவார். நான் நிகழ்ச்சி நிரலை மனப்பாடம் செய்துகொண்டு போய், தலையாட்ட வேண்டிய இடத்தில் ஆட்டினேன், எல்லாரும் சிரித்தால் சிரித்தேன். காது நன்றாகக் கேட்ட காலத்திலும் கூட்டங்களில் இதற்குமேல் செய்ததாக நினைவில்லை.

டிசம்பர் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு சாதாரணத் தபாலில் வந்து கீழே பெட்டியில் கிடந்தது. நான்காவது தீர்மானம் நிகழ்ச்சி நிரலில் இல்லாதது; தலைவர் அனுமதியுடன் கடைசியில் எடுத்திருக்கிறார்கள். வரலாறு இரண்டாம் ஆண்டில் காது கேளாத மாணவி ஒருத்தி படிக்கிறாள். ஆசிரியர் பேசப் பேச அதைத் தட்டச்சு செய்து அவளுக்குத் திரையில் காட்ட வகுப்பில் ஒரு உதவியாளர் உண்டு. இனி உதவியாளர் வேண்டாம், வாரக் கடைசியில் பாடக்குறிப்புக் கொடுத்தால் போதும் என்பது தீர்மானம். ஏற்கெனவே தரும் உதவியைக் குறைக்க எல்லா உறுப்பினர்களும் சம்மதிக்க வேண்டும். 'ஏகமனதாக நிறைவேறியது' என்று எழுதியிருந்தது.

மறுநாளே பஸ் ஏறிப் போனேன். குழுவின் செயலரான சிஸ்டர் சின்னக் குழந்தைகளுக்கு ஞாயிறுதோறும் மறைக்கல்வி வகுப்பு எடுத்தவர். ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் தனித்தனியாக வைத்துப் பேசுவார். அதனால் புரிந்தது.

"சார், நீங்கதானே முதல்ல தலையாட்டுனீங்க? விதி எழுதினவரே ஒத்துக்கிட்டாரு, அப்புறம் நாங்க என்ன பேசறது?"

நான் வெளியே வந்தேன். வராந்தாவில் அந்த மாணவி ஒரு மனுவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் போனில் தட்டி என்னிடம் நீட்டினாள்.

"நீங்களுமா சார்?"

என் விரல் மெதுவாகத்தான் ஓடும். 'எனக்கு' என்று தட்டுவதற்குள் அவள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"காது கேக்காதுன்னு தெரியும். ஆண்டு விழாவுல எல்லாரும் சிரிச்சு முடிச்ச அப்புறம் நீங்க சிரிச்சீங்க."

"ஏன் யாரிடமும் சொல்லவில்லை?" என்று தட்டினேன்.

"நீங்களே சொல்லல. நான் எதுக்குச் சொல்லணும்? ஃபாதர் தாடிய எடுத்தா நம்ம ரெண்டு பேருக்கும் நல்லது."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு இன்னொரு வரி தட்டினாள். "வாரக் கடைசில நோட்ஸ் குடுத்தா, வாரம் பூரா கிளாஸ்ல நான் என்ன பண்றது சார்? ஃபேனப் பாக்கறதா?"

வீட்டுக்கு வந்து நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவதை அனுப்பினேன். 'எனக்குக் காது கேட்பதில்லை. நான்காவது தீர்மானம் என் காதில் விழவில்லை. ஆகவே என் தலையசைப்பைச் சம்மதமாகக் கொள்ள இயலாது.' கூடவே, விதி பதினொன்றின்படி கூட்டத்தில் பேசுவதைத் திரையில் காட்டக் கோரினேன். காது கேட்காதவனைக் குழுவில் வைத்து என்ன செய்வது என்று அவர்கள் யோசித்தால் அந்தப் பெயர் அட்டை போய்விடும். நானே பதிவாளர் அலுவலகத்தில் இருந்திருந்தால் அப்படித்தான் யோசித்திருப்பேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறை, பொங்கல் விடுமுறை எல்லாம் கழித்து வேலை நாட்களை எண்ணினேன். விடுமுறையால் ஜனவரியில் கூட்டம் கிடையாது. பதினைந்தாம் நாள் வந்தது, பதில் வரவில்லை. போனில் இரண்டு மூன்று தவறிய அழைப்புகள் இருந்தன, எடுத்திருந்தாலும் பயனில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்புவது முறையான அறிவிப்பு ஆகாது என்று குழுவுக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். பிப்ரவரி முதல் வெள்ளிக்கும் அழைப்பு வரவில்லை. அழைப்பில்லாமல் கூட்டத்துக்குப் போவது முறையல்ல. காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டேன், பிறகு மடித்து பீரோவில் வைத்துவிட்டு, விதிமீறலைச் சுட்டிக்காட்டி ஒரு நினைவூட்டல் எழுத உட்கார்ந்தேன். எனக்கே பிடித்துப்போகும் அளவுக்குக் கடுமையாக வந்தது.

அதை அனுப்புவதற்கு முன் ஒருநாள் தபால்காரர் நடைப்பக்க ஜன்னல் கம்பியைத் தட்டினார். அவர் போட்ட சத்தம் அடுத்த தெருவுக்கும் கேட்டிருக்கும்.

"இன்னா சார், வூட்டுக்குள்ள இருந்துகினே தொறக்க மாட்டேன்றீங்க? போன தபா ரிஜிஸ்டர் தபால் எடுத்தாந்து ரெண்டு நாளு பெல்லு அடிச்சேன். உள்ள டிவி கத்திக்கினு கீது, ஆளு வரல. பூட்டுன்னு எழுதித் திருப்பிட்டேன்."

"சீட்டு வைக்கலையா?"

"கதவுல சொருவினேன் சார். கடக்காத்துல எங்க பூடுச்சோ. காது கேக்காதுன்னா ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

உறைக்குள் இன்னொரு உறை. உள்ளே இருந்ததன்மேல் 'கதவு பூட்டு' என்று எழுதித் திரும்பிய குறிப்பு. கடிதத்தில் ஃபாதர் கையெழுத்துப் போட்டிருந்தது பதினான்காவது வேலை நாளில். ஏகமனது இல்லாததால் நான்காவது தீர்மானம் செல்லாது. உதவியாளர் திங்கட்கிழமை முதல் வகுப்புக்குத் திரும்புகிறார். பிப்ரவரி முதல் வெள்ளிக் கூட்டத்தில் பேசுவதெல்லாம் திரையில் வரும், தங்கள் வருகையை எதிர்பார்க்கிறோம். வெளி உறையில் சிஸ்டரின் துண்டுச்சீட்டு: 'கால் மணி நேரம் காத்திருந்துதான் ஆரம்பித்தோம் சார். உங்கள் நாற்காலிக்கு எதிரே திரை கடைசிவரை ஓடியது.'

இரண்டு முறை படித்தேன். அந்த வெள்ளி என்றோ முடிந்துவிட்டது. உரிய காலத்தில் எழுதப்பட்ட பதில் என் கைக்கு வந்து சேர்ந்தது தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று.