ஒன்பதாவது பெட்டியின் காத்திருப்பு

மஸ்கெலியாவிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே ஆபிஸில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. பிறந்து வளர்ந்ததும் அதே தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில்தான். மேல் லயத்துக்குப் பின்னாலிருக்கும் சரிவை மழைக்காலத்தில் நம்ப முடியாது என்று அதில் ஒன்பது பெட்டிகளைப் பொருத்தியிருந்தோம். மண்ணில் அடித்த இரண்டு முளைகளுக்கு நடுவே ஒரு கம்பி. நிலம் வெடித்து முளைகள் விலகினால் கம்பி நீளும். எவ்வளவு நீண்டது என்பதைப் பெட்டி ரேடியோவில் ஆபிஸுக்குச் சொல்லும்.

ஒன்பதுக்கும் சேர்த்து ஒரே அலைவரிசை. இரண்டு பெட்டிகள் ஒரே நேரத்தில் பேசினால் பெரும்பாலும் இரண்டு செய்தியும் கெட்டுவிடும். அதனால் வேறு யாரும் பேசுகிறார்களா என்று முதலில் காது கொடுக்க வேண்டும், அமைதியாக இருந்தால் பேச வேண்டும், மோதிக்கொண்டால் கொஞ்சம் பொறுத்துத் திரும்ப முயல வேண்டும். எவ்வளவு பொறுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மழை நாளில் எல்லாப் பெட்டியும் அடிக்கடி பேச வரும். பொறுக்கும் நேரம் குறைவாக இருந்தால் மோதிக்கொண்டே இருக்கும். கூடுதலாக வைத்தால் வெயில் நாளில் வீணாகக் காத்துக் கிடக்கும். ஆகவே நிலைமையைப் பார்த்துப் பெட்டியே மாற்றிக்கொள்ளட்டும் என்று எழுதினேன். ஒரு தடவை தோற்றால் காத்திருப்பு இரண்டு மடங்காகும். செய்தி போய்ச் சேர்ந்துவிட்டால் உடனே பழையபடி மிகச் சிறிய அளவுக்கு இறங்கிவிடும்.

வெயிலில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். ஒரு செய்திகூடத் தவறவில்லை. ஆபிஸுக்கு வந்தவர் போனவரையெல்லாம் இழுத்து உட்காரவைத்துத் திரையைக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். திரையில் ஒன்பது பச்சைக் கட்டங்கள். வெடிப்பு என்று செய்தி வந்தால் சிவப்பாகும். செய்தியே வராத பெட்டிக்கு என்ன நிறம் என்று நான் யோசிக்கவே இல்லை. வாயைத் திறக்காத பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை என்பதுதான் அன்றைக்கு என் புத்தி.

மழை பிடித்து மூன்றாம் நாள் காலை, தூறல் கொஞ்சம் விட்டிருந்தது. பெரட்டுக்கு ஆட்கள் கூடியிருந்தார்கள். யார் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவது என்று கணக்கப்பிள்ளை பிரித்து அனுப்பும் நேரம் அது. அவர் பேசும்போது யாரும் குறுக்கே பேசுவதில்லை. சொல்ல வேண்டியது இருந்தால் ஓரமாக நின்று, அவர் ஓய்ந்ததும் வாயைத் திறக்க வேண்டும். வாயுள்ளவர்கள் அந்த இடைவெளியில் முந்திக்கொள்வார்கள். ஒருமுறை முந்தியவர்களே மறுமுறையும் முந்துவார்கள்.

என் அத்தை, அப்பாவின் தங்கை, மேல் லயத்துக் கடைசி வீட்டில் இருப்பவர், கூடையோடு ஓரமாக நின்றிருந்தார். இரண்டு தடவை ஓரடி முன்னால் வந்தார். இரண்டு தடவையும் வேறு யாரோ பேசத் தொடங்கிவிட்டதால் பின்னால் போய்விட்டார். பிறகு என் பக்கம் வந்தார். நான் சிநேகிதனோடு போனில் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தேன்.

"என்னா அத்தை?" என்றேன், போனைக் காதிலிருந்து எடுக்காமலே.

"ஒன்னுமில்ல, நீ பேசுப்பா. பெறகு சொல்றேன்."

அவர் மலைக்குப் போய்விட்டார். நான் மேட்ச்சைப் பேசி முடித்தேன்.

பத்து மணிக்குத் திரையைப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. ஒன்பதாவது கட்டம் பச்சைதான். ஆனால் அதன் பக்கத்திலிருந்த, கடைசியாகச் செய்தி வந்த நேரம் முந்தின நாள் மாலை ஐந்து மணி. பேட்டரி போயிருக்கும் என்று திட்டிக்கொண்டே சரிவில் ஏறினேன். பெட்டிக்கு ஒரு பழுதும் இல்லை. தூரத்தில் இருப்பதால் அதன் குரல் பலவீனம். மோதும்போதெல்லாம் கிட்டத்துப் பெட்டியின் பலத்த குரல் எப்படியோ தப்பிவிட, அதுதான் தோற்றிருக்கிறது. தோற்கத் தோற்கக் காத்திருப்பு இரட்டித்துக்கொண்டே போக, ஜெயித்த பெட்டிகளோ நொடியில் திரும்பி வந்து மறுபடி பேசியிருக்கின்றன. ஒன்பதாவது பெட்டி நான் சொல்லிக்கொடுத்தபடியே மரியாதையாகப் பொறுத்துக்கொண்டிருந்தது. அதன் கம்பி ஒரு சாண் நீண்டிருந்தது. கீழே அத்தை சமைக்கும் குசினிச் சுவரை ஒட்டி விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு.

கத்திக்கொண்டே இறங்கினேன். லயத்தில் இருந்தவர்களையெல்லாம் எதிர் மேட்டுக் கோயிலுக்கு ஏற்றினோம். மலையில் இருந்தவர்கள் வீட்டுப் பக்கம் வரவேண்டாம் என்று ஆள் விட்டோம். பகல் ஒரு மணிக்கு மண் இறங்கியது. அத்தை வீட்டுக் குசினியும், அதற்குப் பின்னால் கொட்டிலில் கட்டியிருந்த நிறைசினைப் பசுவும் போயின. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பசுவின் ஞாபகம் எனக்கு வரவே இல்லை.

பெட்டிகளைத் திருத்த இரண்டு நாள் போதுமாக இருந்தது. இப்போது ஜெயித்த பெட்டி ஒரேயடியாகச் சின்ன அளவுக்கு இறங்காது, படிப்படியாகத்தான் இறங்கும். தோற்றுக்கொண்டிருக்கும் பெட்டியின் காத்திருப்பை மற்றவையும் தெரிந்துகொண்டு விலகிக்கொடுக்கும். பத்து நிமிஷம் பேசாத பெட்டியின் கட்டம் சிவப்பாகிவிடும். எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் பெரட்டில் அத்தை வழக்கம்போல ஓரமாக நின்றிருந்தார். போனைப் பைக்குள் போட்டுவிட்டு நேரே அவரிடம் போனேன்.

"அன்னைக்கி என்னமோ சொல்ல வந்தீங்களே அத்தை. இப்ப சொல்லுங்க."

அவர் கூடைக் கயிற்றைச் சரிசெய்தார்.

"வெடிப்பப் பாத்ததும் மாட்ட அவுத்து விட்டுட்டுத்தான் வரணும்னு நெனச்சேன். எப்புடியும் ஒங்கிட்ட சொல்லத்தானே போறேன், நீ பாத்துக்குவேன்னு கட்டுனபடியே விட்டுட்டு வந்துட்டேன்ப்பா."