கைப்பிடிக்கு ராடு வரவில்லை

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, படியிறங்க என் மனைவிக்கு ஒரு கைப்பிடி தேவைப்பட்டது. ஜோகுபாளையத்தில் எங்கள் வீடு முதல் மாடி. படி வெளிப்புறமாக இறங்கும். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ஒன்றுமில்லை. கிரில் போடுகிறவரைக் கூப்பிடலாம் என்றாள். நானோ ஓய்வுபெற்றதும் ஒரு வெல்டிங் மிஷின் வாங்கி, மொட்டைமாடியில் பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தவன்.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன்.

"அதான் எனக்கும் தெரியலைங்க" என்றாள், சிரித்தபடி.

இரும்புக் குழாய்கள் உடனே வந்துவிட்டன. வெல்டிங் ராடுதான் தகராறு. பழைய மெட்ராஸ் ரோட்டுக் கடையில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு கம்பெனி ராடு கொடுத்தார்கள், எல்லாம் மழையில் நமுத்தவை. பற்றவைத்தால் பொரிந்து தெறிக்கும். இல்லாவிட்டால் இரும்போடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். "நல்ல ஸ்டாக் சோமவாரம் வரும் சார்" என்பார் கடைக்காரர். எந்தத் திங்கட்கிழமை என்று அவர் சொன்னதில்லை. ராடுகளை அவள் கேக் சுடும் மின்சார அடுப்பில் வைத்துக் காயவைத்தேன். அடுத்து அவள் செய்த கேக்கை யாராலும் வாயில் வைக்க முடியவில்லை.

"இனிமே கேக்கையும் நீங்களே வெல்டிங் பண்ணிடுங்க" என்றாள்.

அந்த மாதங்களில் அவள் கீழே இறங்கவே இல்லை. காய்கறி வண்டி வந்தால் கயிற்றில் பை கட்டி இறக்குவாள்.

பொதுப்பணித் துறையில் இருந்தபோது ஒப்பந்தக்காரர்கள் என்னிடம் வந்து, மெட்டீரியல் வரவில்லை, கால நீட்டிப்பு வேண்டும் என்பார்கள். பாதிப்பேர் சொல்வது பொய் என்று தெரிந்தே கையெழுத்துப் போடுவேன். என் மனைவி என்னைவிடத் தாராளமான அதிகாரி. என்னிடம் விளக்கம்கூடக் கேட்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை நல்ல ராடு உண்மையாகவே வந்தது. இருந்ததே ஒரு பாக்கெட், வாங்கிக்கொண்டேன். பார்க்கில் என்னோடு நடக்கும் நண்பர்கள், பெஞ்சுக்குப் பக்கத்தில் பேப்பர் வைக்க ஒரு ஸ்டாண்டு செய்து தரும்படி வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக் கைப்பிடியில் பற்றவைத்த இடங்களை யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்? பார்க்கில் பார்ப்பார்கள், பாராட்டுவார்கள். பாக்கெட் முழுவதும் அந்த ஸ்டாண்டுக்கே போயிற்று. வீட்டில், "ராடு இன்னும் வரலை" என்றேன். சொல்ல ஒரு சிரமமும் இருக்கவில்லை. இத்தனை நாள் அது உண்மையாக இருந்ததே, அந்தப் பழக்கம்தான்.

அடுத்த மாதம் அவளே போன் பண்ணி கிரில் போடுகிறவரை வரவழைத்தாள். மத்தியானத்துக்குள் கைப்பிடி தயார். பெயின்ட் காய்ந்த மறுநாள் சாயங்காலம் அவள் அதைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். நான் பின்னால் போனேன். தெருவில் கால் வைத்ததும் பார்க் பக்கம் திரும்பினாள்.

"அவ்வளவு தூரம் வேணாமே. இன்னொரு நாள் போலாம்."

"எத்தனை மாசமா உள்ளேயே கெடக்கறேன்" என்று நடந்தாள்.

பெஞ்சில் நண்பர் ஒருவர் எழுந்து அவளுக்கு இடம்விட்டார். "வாங்கம்மா. சார் பண்ணதைப் பாத்தீங்களா? போன மாசம்தான் கொண்டுவந்து வெச்சார்."

அவள் ஸ்டாண்டைப் பார்த்தாள். ஒரு கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை.

"நல்லா ஸ்ட்ராங்கா இருக்கே" என்றாள், அவரிடம்.

வழி முழுக்க அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதிலுக்குக் கடைக்காரரைக் குறை சொல்லியிருப்பேன். அவள் வெண்டைக்காய் விலையைப் பற்றித்தான் பேசினாள். வீட்டுப் படிக்கு வந்ததும் கை நீட்டினேன்.

"இது போதும்" என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.